வேற்றுமுகம் பார்க்காத பிள்ளை

என் மகள் அமலிக்குக் கை முறிந்தது எங்களுக்கு மறுநாள் சாயங்காலம்தான் தெரிந்தது. குளிப்பாட்டும்போது சோப்புப் போட இடது கையைப் பிடித்தேன். மணிக்கட்டுக்கு மேலே வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. "என்னடி இது?" என்றேன். "நேத்து விழுந்தேன்" என்றாள் சிரித்தபடி. கொய்யா மரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். எழுந்து, மண்ணைத் தட்டிக்கொண்டு வந்து, இட்லி சாப்பிட்டு, தூங்கி, காலையில் பக்கத்து வீட்டுக்கு விளையாடவும் போய்விட்டு வந்திருக்கிறாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அப்போது அவளுக்கு நாலு வயது.

எங்களைப் போலவே குழந்தைகள் இல்லத்திலிருந்து பிள்ளை எடுத்து வளர்க்கும் ஒரு தம்பதி போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். "டீச்சர், உங்க பிள்ளைக்கு என்ன வைத்தியம் பார்த்தீக?" என்று கேட்டார்கள். சொல்ல ஆரம்பித்தேன், காபி ஆறி, மதியச் சாப்பாடும் ஆகி, அவர்களுக்குக் கடைசி பஸ்ஸும் வந்துவிட்டது. பாதிதான் சொல்லியிருந்தேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நான் கணக்கு டீச்சர். விடையை மட்டும் எழுதிக் கொடுக்கிற பிள்ளைகளுக்கு மார்க் போடாதவள். அதனால் வழிமுறையோடு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

காரைக்குடி செக்காலையில் எங்கள் வீடு. என் கணவர் சூசை மின்வாரியத்தில் வேலை பார்த்தார். கல்யாணமாகிப் பல வருடம் எங்களுக்குக் குழந்தை இல்லை. போகாத டாக்டர் இல்லை, நேராத நேர்ச்சை இல்லை. கடைசியில், தொண்ணூறுகளின் நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஓர் இல்லத்திலிருந்து மூன்று வயது அமலியைக் கூட்டி வந்தோம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் தத்தெடுக்கத் தனியாகச் சட்டம் கிடையாது. கோர்ட்டில் மனுப் போட்டுக் காப்பாளர் ஆகலாம், அவ்வளவுதான். உத்தரவு வரும்வரை பிள்ளை எங்கள் வீட்டில் இருக்கும். ஒத்துவரவில்லை என்றால் திருப்பி விட்டுவிடலாம். ஜவுளிக்கடையிலிருந்து புடவை எடுத்துவந்து வீட்டில் காட்டுவது போல இருக்கிறதே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன்.

வந்த நாளிலிருந்து ஊரெல்லாம் அமலி புகழ்தான். மற்ற பிள்ளைகள் புது ஆளைக் கண்டால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் ஒளியும். வேற்றுமுகம் பார்க்கிறது என்போம். அமலிக்கு அது கிடையவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் முடிவதற்குள் நாலு மடி மாறிவிடுவாள். என்னை அம்மா என்றாள். பால்காரியையும் அம்மா என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணையும் அம்மா என்று சொல்லி அவள் தோளில் தூங்கினாள்.

ஒருமுறை, என்னுடன் வேலை பார்த்த மெய்யம்மை டீச்சர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கண்டனூர் போயிருந்தோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்து, கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற வீடு. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பந்தி நடக்கும்போது அமலியைக் காணோம். முற்றம் முற்றமாக, கட்டுக் கட்டாகத் தேடிக்கொண்டு போனால், பின்வாசலுக்கு வெளியே, பாத்திரம் ஏற்ற வந்த வேன் டிரைவர் மடியில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தாள். "வண்டியில கூட்டிட்டுப் போறீகளான்னு கேக்குதும்மா" என்று அவர் சிரித்தார். நல்ல மனுஷன், பிள்ளையைப் பத்திரமாக வைத்திருந்தார். "எம்புட்டு நல்ல பிள்ளை, யாருகிட்டயும் போகுது" என்று வீட்டு ஆச்சிமார் கன்னத்தைக் கிள்ளினார்கள். எனக்கும் தலைகால் புரியாத பெருமை. ஊரில் எல்லாரும் நல்ல குணம் என்று கொண்டாடியதுதான் நோய் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கை முறிந்த கதைக்கு வருகிறேன். காரைக்குடியில் எலும்பு டாக்டர் முறிந்த கையை இழுத்து நேராக்கி மாவுக்கட்டுப் போட்டார். கட்டுமஸ்தான ஆண்பிள்ளைகளே அலறுகிற இடம் அது. அமலி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். டாக்டர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு வலி தெரியலையா?" என்றார். வலியே உணராத நரம்பு நோய் ஒன்று உண்டாம், லட்சத்தில் ஒருவருக்கு வருமாம். பிள்ளை எடையும் வயதுக்குக் குறைவு, வயிறு உப்பியிருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்து மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மதுரை போகும் பஸ்ஸில் திருப்பத்தூர் தாண்டும்வரை நான் அவள் காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் காலை இழுத்துக்கொண்டாள். ஆனால் அழவில்லை, ஏன் கிள்ளுகிறாய் என்று என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் கணவர், "விடு பிலோமி, பாக்குறவுக என்ன நினைப்பாக" என்றார்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் இளைத்த பிள்ளை எது வந்தாலும் முதல் சந்தேகம் பிரைமரி காம்ப்ளக்ஸ்தான். குழந்தைகளுக்கு வருகிற ஆரம்பநிலைக் காசநோயை அப்படிச் சொல்வார்கள். கையில் ஒரு ஊசி போட்டு, அந்த இடம் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். தடிக்கவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம். வயிற்றில் பூச்சி இருந்தது, அதற்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு நரம்புச் சோதனை. கையில் சின்னதாக மின்சாரம் வைத்து, அது நரம்பு வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பார்கள். "எங்க லைன் டெஸ்ட் மாதிரிதான்" என்று சூசை தைரியம் சொன்னார். சொன்னவர் முகத்தில் ரத்தம் இல்லை.

பரிசோதனையைவிடக் கொடுமை அதற்காகக் காத்திருப்பது. நடைபாதை பெஞ்சில் டெட்டால் வாசனையும் சாம்பார் வாசனையும் கலந்து வரும். பெயர் கூப்பிடும்போது ஓடவேண்டும், ஓடினால் அது வேறு அமலியாக இருக்கும். அந்த மாதிரி நரம்பு நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பது கஷ்டம் என்று பக்கத்தில் இருந்த ஒரு புண்ணியவதி சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அமலி மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் போய் யார் யாரிடமோ முறுக்கு வாங்கித் தின்றாள்.

முடிவு வந்தது. "நரம்பு நல்லா இருக்கு. வலி தெரியுது. அழத்தான் மாட்டேங்குறா" என்றார் பெரிய டாக்டர். குழந்தைகள் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நாலு வயசுப் பிள்ளைக்குப் பைத்தியம் என்கிறாரா? போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். சூசைதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

அந்த டாக்டர் பெயர் வசந்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயதுகூட இருக்காது. இவள் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித் தரப்போகிறாளா என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். அறையில் நாற்காலிகள் இருந்தும் அவர் பாயில்தான் உட்கார்ந்திருந்தார். அமலி நேரே போய் அவர் மடியில் ஏறி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பிஸ்கட் இருக்கா?" என்றாள்.

"யாருகிட்டயும் போவா டாக்டர். வேத்துமுகமே கிடையாது" என்றேன்.

எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னார். கதவிடுக்கில் பார்த்தேன். அமலி திரும்பவே இல்லை. உள்ளே கூப்பிட்டார், போனேன். அப்போதும் அவள் தலை நிமிரவில்லை.

"நீங்க போனதும் அவளுக்குத் தெரியலை, வந்ததும் தெரியலை. கவனிச்சீங்களா?"

"சமத்து டாக்டர். தொந்தரவு பண்ண மாட்டா."

"சமத்து இல்லைம்மா. அவளுக்கு நீங்களும் ஒண்ணு, நானும் ஒண்ணு."

பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. எத்தனையோ மாதமாகத் தலை சீவி, சோறு ஊட்டி, நெஞ்சில் போட்டுத் தூங்க வைத்தவள் நான். இந்தப் பெண்ணை அமலி பார்த்து அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை. திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். உண்மை என்று எனக்கே தெரிந்திருந்தது போல.

பிறகு பொறுமையாக விளக்கினார். அட்டாச்மென்ட் என்று அவர்கள் சொல்வதை நாம் ஒட்டுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். "கைப்பிள்ளை அழுது. ஒரு ஆள் வருது, தூக்குது, பால் கொடுக்குது. திரும்ப அழுது, திரும்ப அதே ஆள் வருது. இப்படி ஓயாம நடந்து நடந்துதான் 'இது என் ஆளு'ன்னு பிள்ளைக்குப் பிடிபடும். தன் ஆளு யாருன்னு தெரிஞ்சாத்தானே வேத்து ஆளு யாருன்னு தெரியும்? இவ கைக்குழந்தையா இருந்தப்ப யார் பார்த்துக்கிட்டாங்க?"

எனக்குத் தெரியும். இல்லத்து சிஸ்டரே சொல்லியிருக்கிறார். தொட்டில்கள் நிறைய, ஆயாக்கள் இரண்டே பேர். பால் புட்டியை மடித்த துணியில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த தொட்டிலுக்கு ஓடுவார்கள். ஆயாக்களும் நிலைக்க மாட்டார்கள், வருவார்கள், போவார்கள். வாசலில் விட்டுப்போன பிள்ளையை இடமில்லை என்று சொல்ல அந்தச் சிஸ்டர்களுக்கு மனசு வராது. அவர்கள்மேல் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கேட்டுவிட்டு, "முதல்ல அழுதிருப்பா. ரொம்ப நாள் அழுதிருப்பா" என்றார். "யாரும் வரலை. அப்புறம் விட்டுட்டா. அழுகைங்கறது கூப்பிடறதுதானேம்மா. வர ஆள் இல்லைன்னா யார் கூப்பிடுவா?"

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தொட்டிலில் கிடந்து அவள் கத்தியபோது நான் காரைக்குடியில் பிள்ளை இல்லை என்று மாதா பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைக்கு ஆள் இல்லை, இங்கே ஆளுக்குப் பிள்ளை இல்லை. கடவுளுக்குக் கூட்டல் தெரியாதா என்று கேட்டேன்.

"இதுக்கு என்ன மருந்து?" என்று கேட்டபோது, "நீங்கதான்" என்றார் டாக்டர். சினிமா வசனம் மாதிரி இருந்ததால் எனக்கு எரிச்சல் வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தால் ஒரு வேளை தவறாமல் கொடுக்கிறவள் நான். ஆனால் அவர் சொன்னது மாத்திரையைவிடக் கறாராக இருந்தது. எடை ஏறும்வரை வார்டிலேயே தங்கவேண்டும். குளிப்பாட்டுவது, எண்ணெய் தேய்ப்பது, ஊட்டுவது, தூக்குவது எல்லாம் நான் ஒருத்திதான். இப்போதைக்கு அப்பாவும் கூடாது. முதலில் ஒரு ஆளிடம் ஒட்டட்டும், அடுத்த ஆள் தானாக வரும். வேறு யாரிடம் போனாலும் அவர்கள் "உங்க அம்மாகிட்ட போ" என்று திருப்பி அனுப்பவேண்டும். சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தால் திட்டாமல் இன்னும் ஒன்று கொடுக்கவேண்டும். இன்னொன்றும் சொன்னார். "அவ விழுந்தா, இடிச்சுக்கிட்டா, அழ மாட்டா. ஆனா அழுகையைக் கேட்ட மாதிரி நீங்க ஓடி வரணும்."

"நாலு வயசுப் பிள்ளையை இப்படிக் கொஞ்சினா கெட்டுப்போயிடாதா?" என்றேன்.

"கணக்குல நடுவுல ஒரு ஸ்டெப் விட்டுட்டா நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?"

"விட்ட இடத்துலேருந்து திரும்பப் போடச் சொல்வேன்."

"அதேதான்" என்றார். முதல் தடவையாக அந்தப் பெண்ணை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. ஆனால் அவர் நிச்சயமாகச் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நாள் பிடிக்கும், சில பிள்ளைகளுக்கு முழுசாகச் சரியாவதில்லை என்றும் சொல்லியே அனுப்பினார்.

வார்டில்தான் வம்பு ஆரம்பித்தது. நம் பக்கத்து ஆஸ்பத்திரி வார்டு ஒரு கூட்டுக் குடும்பம். ஒருத்தி குளிக்கப் போனால் அடுத்தவள் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஒரு வீட்டிலிருந்து புளியோதரை வந்தால் எல்லாக் கட்டிலுக்கும் ஒரு கை போகும். அமலி கட்டில் கட்டிலாகச் சுற்றி எல்லார் கையிலும் வாங்கித் தின்று எல்லாரையும் அம்மா என்றாள். அந்த அன்பைத்தான் நான் நிறுத்தவேண்டியிருந்தது. "யாரும் அமலிக்கு எதுவும் கொடுக்காதீக, தூக்காதீக" என்று சொன்னேன். வகுப்பில் சொல்கிற குரலிலேயே சொல்லிவிட்டேன் போல. வார்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"நாம குடுத்தா வெசமாம்ல. வேதக்கார டீச்சருக்கு நம்ம கை ஆகலையாம்" என்று ஜன்னலோரக் கட்டில்காரி காதில் விழும்படி சொன்னாள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்துக் கட்டில் மும்தாஜ் ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் வலித்தது. கல்லலிலிருந்து வந்தவள், கணவர் சவுதியில். மகள் ஷமீமாவுக்குச் சிறுநீரக நோய், சிறுநீரில் புரதம் போய் முகமெல்லாம் வீங்கிவிடும், சாப்பாட்டில் உப்பே கூடாது. வந்த முதல் நாள் எனக்கு டீ வாங்கித் தந்தவள் அவள்தான். அமலிக்கு அவள் நீட்டிய வாழைப்பழத்தை நான் கையோடு தடுத்திருந்தேன்.

கடைசியில் அவளே கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டுமா டீச்சர்? நாங்க துலுக்கவுகன்னுதான வேணாங்குறீக?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இல்லம், தொட்டில், புட்டி, மடித்த துணி, எல்லாம். மும்தாஜ் கேட்டுக்கொண்டே இருந்தாள், முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்க் குசுகுசுவென்று பேசினாள். அங்கிருந்து அடுத்த கட்டிலுக்குப் போனாள். சாயங்காலத்துக்குள் வார்டு மொத்தமும் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அமலி யாரிடம் போய்க் கை நீட்டினாலும், "போத்தா, உங்கம்மா அங்குட்டு இருக்கு பாரு" என்றார்கள். கொடுத்துப் பழகிய கையை மடக்கி வைத்துக்கொள்வது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

என் பாடுதான் சிரிப்பாய்ச் சிரித்தது. அமலி கால் இடறினால், நான் இந்தக் கோடியிலிருந்து "ஐயோ, வலிக்குதா கண்ணு" என்று ஓடுவேன். அவள் யாரையோ பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பாள். உள்ளபடியே ஊசி போட்டு அலறுகிற பிள்ளைகளின் தாய்மார் என்னை விநோதமாகப் பார்ப்பார்கள். தலையணைக்கு அடியில் பன்னை ஒளித்து வைப்பாள், எறும்பு வந்து இருவரையும் கடிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பன் கொடுப்பேன்.

சூசை பாவம். வேலை முடிந்து காரைக்குடியிலிருந்து வருவார், வந்து கட்டிலுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருவார். மாமனார் வீட்டில் புது மாப்பிள்ளை உட்காருகிற மாதிரி இருக்கும். பிள்ளையைத் தொடக்கூடாது என்பதால் என் புடவைகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டுவருவார். அடுப்படிப் பக்கமே வராத மனுஷர், புளிக்குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவருவார். ஷமீமாவுக்கு மறுத்த உப்பையெல்லாம் சேர்த்து அதில் போட்டிருப்பார். ஒரு வாய் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். செலவைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கங்கள் அழுதுவடியும், என் நகை பாங்க்குக்குப் போனது என்பதோடு விடுகிறேன்.

பிறகு நிலைமை மோசமானது. தொந்தரவே தராத பிள்ளை கடிக்க ஆரம்பித்தாள். ஊட்டுகிற சோற்றை என் முகத்தில் துப்பினாள். மாவுக்கட்டுக் கையால் என் தாடையில் ஓங்கி அடித்தாள். மற்றவர்களிடம் சர்க்கரைக் கட்டி, என்னிடம் மட்டும் பிசாசு. எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டரிடம் போய்ப் புலம்பினேன். அவர் முகம் மலர்ந்தது. "உங்களை மட்டுமா கடிக்கிறா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எவ்வளவு படுத்தினாலும் இந்த ஆள் போகாமல் நிற்குமா என்று பிள்ளை சோதித்துப் பார்க்கிறாளாம். சோதனைதான், ஆனால் கன்னிப்போனது என் தாடை.

அந்த நேரத்தில்தான் என் நாத்தனார் லூர்து மதினி வந்தார். சூசைக்கு மூத்தவர், அவரை வளர்த்தவர். எனக்குப் பிள்ளை இல்லை என்று என்னைவிட அதிகமாக அழுதவரும் அவர்தான். வரும்போதே எனக்கு எள்ளுருண்டை செய்து எடுத்து வந்திருந்தார். அமலி என்னைக் கடிப்பதையும் அவர் மடியில் போய்க் கொஞ்சுவதையும் பார்த்தார்.

"பிலோமினா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத. அந்தப் பிள்ளைக்கு மூளைல என்னமோ இருக்கு. கோர்ட்டுல உத்தரவு வாரதுக்குள்ள சிஸ்டருககிட்டயே விட்டுருவோம். என் தம்பியப் பாரு, எலும்பும் தோலுமாயிட்டான்."

அவர் போன பிறகு, சூசையை நடைபாதைக்குக் கூப்பிட்டு, "என்னால முடியலைங்க. விட்டுருவமா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான், மதினி இல்லை.

அவர் கையிலிருந்த தூக்குச்சட்டியைத் தரையில் வைத்தார். "விட்டா, விட்டுட்டோம்னு அவளுக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியாது. யாரு தூக்கினாலும் போயிருவா."

"அப்ப தெரியுற வரைக்குமாவது நம்மகிட்ட இருக்கட்டும் பிலோமி" என்றார்.

இருபது வருடம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷரை நான் சரியாகப் பார்த்ததில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. திரும்பி வார்டுக்குள் போய் அமலிக்குச் சோறு பிசைந்தேன்.

அதற்கப்புறம் ஒரு நாள் காலை. நான் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தேன். அமலி ஓடிவந்தவள், கட்டிலின் இரும்பு முனையில் நெற்றியை இடித்துக்கொண்டாள். நின்றாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். மும்தாஜைத் தாண்டி, ஜன்னலோரக்காரியைத் தாண்டி, நர்ஸைத் தாண்டி, வாசலில் என்னைக் கண்டுபிடித்தாள். உதடு பிதுங்கியது. பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம் வந்தது. ஃபிளாஸ்க் எங்கே விழுந்து உடைந்தது என்று எனக்குத் தெரியாது.

"அழுகுது! டீச்சர், அமலி அழுகுது! அல்லாவே!" என்று மும்தாஜ் கட்டில்மேல் ஏறாத குறையாகக் கூவினாள். ஜன்னலோரக்காரி கை தட்டினாள். என்ன கல்நெஞ்சுக்காரிகள் என்று ரவுண்ட்ஸ் வந்த பயிற்சி டாக்டர் எங்களைப் பார்த்தார். டாக்டர் வசந்தாவிடம் சொன்னபோது எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இன்னும் தூரம் இருக்கிறது என்றும் சொன்னார். பாராட்டையும் அளந்துதான் கொடுப்பார், மார்க் போடுவதில் என் ஜாதி.

லூர்து மதினி மறுபடி வந்தது அதற்குப் பிறகுதான். இந்தத் தடவை முடிவோடு வந்திருந்தார். இல்லத்து சிஸ்டரிடம் பேசியாகிவிட்டது, சாயங்காலம் பிள்ளையைக் கூட்டி வருகிறோம் என்றும் சொல்லியாகிவிட்டது. "நீ எதும் பேசாத, நான் தம்பிகிட்டப் பேசிக்கிறேன்" என்றார். சண்டை போட வாயெடுத்தேன், அதற்குள் நர்ஸ் வந்து மருந்துச் சீட்டைக் கையில் கொடுத்துக் கீழே போய் உடனே வாங்கி வரச் சொன்னார். ஷமீமாவை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு மும்தாஜ் போயிருந்தாள். அமலி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"நீ போ, நான் பாத்துக்கிறேன். யாருகிட்டயும் இருக்குற பிள்ளைதான" என்றார் மதினி.

மருந்துக் கடையில் நீண்ட வரிசை. பாதி வந்திருப்பேன், மாடியிலிருந்து ஒரு பிள்ளை கதறுகிற சத்தம் கேட்டது. சாதாரணக் கதறல் இல்லை, தொண்டை கிழிகிற கதறல். எந்தப் பாவிப் பெண் பிள்ளையை இப்படி விட்டுவிட்டுப் போனாளோ என்று நினைத்தேன். முன்னால் நின்ற அம்மாளும் உச்சுக்கொட்டினார். என் மகள் வாய்விட்டு அழுது நான் கேட்டதே இல்லை. அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் கதறலுக்கு நடுவே "அம்மா" என்று வந்த பிறகுதான் என் கால் வரிசையை விட்டு நகர்ந்தது.

படிக்கட்டில் மதினி இறங்கி வந்துகொண்டிருந்தார். கொண்டை அவிழ்ந்து, முந்தானை தரையில் இழுபட, இடுப்பில் அமலி மீன் மாதிரி துள்ளிக்கொண்டிருந்தாள். மதினியின் முன்கையில் பல் பதிந்த தடம். என்னைப் பார்த்ததும் பிள்ளை படிக்கட்டிலிருந்து அப்படியே என்மேல் பாய்ந்தாள். மாவுக்கட்டுக் கையால் என் தோளில் அடித்தாள், "ஏன் போன, ஏன் போன" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். பிறகு என் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பாட்டில் தண்ணீரும் பணியாரமும் கொடுத்து அவளை வாங்கப் பார்த்த யாருக்கும் அவள் முகம் கொடுக்கவில்லை.

"நல்லா இருந்த பிள்ளையை என்னடி பண்ணி வச்சிருக்க?" என்று மதினி மூச்சு வாங்கினார். "முழிச்சுப் பாத்துச்சு, நீ இல்லை, அம்புட்டுத்தான். கிட்டவே நெருங்க விடலை. எள்ளுருண்டை காட்டினா மூஞ்சில எறியுது. அதான் உங்கிட்டயே தூக்கிட்டு வந்தேன். இதுக்கு முன்னாடி என் மடியிலதான கிடந்துச்சு?"

"ஆமா மதினி. கெட்டுப்போச்சு" என்றேன். சிரித்தேனா அழுதேனா என்று சொல்லத் தெரியவில்லை, இரண்டும்தான்.

மதினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கொண்டையை முடிந்துகொண்டு, அமலியையே பார்த்தபடி நின்றார். ஒரு விரலால் அவள் முதுகைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளை வெடுக்கென்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு என்னை இன்னும் இறுக்கினாள். சாயங்காலம் வருவதாகச் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வந்த மனுஷி அவர்.

"இத இனிமே எங்குட்டும் கொண்டுபோய் விட முடியாதுடி" என்றார்.

பிறகு என் கையிலிருந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.